நான் வடிவாக அடைத்த பதினொரு ஓட்டைகள்

1. திங்கட்கிழமை

ரெவரண்ட் சூசன் தேவாலயத்துக்குள் வந்து சுவரைப் பார்த்தபடி நின்ற நிலையிலேயே ஏதோ பிழை நடந்துவிட்டது என்று எனக்குப் பட்டது. நானோ அதுவரை பாராட்டு வரப்போகிறது என்று பிரஷைக் கழுவிக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

“அண்ணே, ஓட்டைங்க எங்க?” என்று கேட்டார்.

“எல்லாம் அடைச்சாச்சு, ரெவரண்ட் அம்மா. பதினொண்டும். தடவிப் பார்த்தாலும் பிடிபடாது.”

அவர் பக்கத்து வாங்கில் தொப்பென்று உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: “அது துப்பாக்கி ஓட்டைங்க அண்ணே. ஞாயித்துக்கிழமை அந்தக் குடும்பம் வர்றதே அதப் பாக்கத்தான்.”

பிரஷைத் தண்ணீர் வாளிக்குள் போட்டுவிட்டு அப்படியே நின்றேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் செல்வராஜா. யாழ்ப்பாணத்தில் தச்சுவேலை படித்தவன். ஓக்லாந்துக்கு வந்து, நியூ லின்னில் குடியிருந்து, வேலையை விடும்வரை பழைய மரக் கட்டடங்களைத் திருத்தித்தான் பிழைத்தேன். அங்கிலிக்கன் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் சேர்ச் வேலைகள் என்னைத் தேடி வரும். இப்போது எங்கட பிள்ளைகள் சிலர் பில்டிங் அப்ரண்டிஸாகச் சேர்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் செய்த நல்ல வேலைகளைப் பற்றி எழுதினால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள், அதனால் செய்த விசர் வேலையைப் பற்றி எழுதுகிறேன்.

இந்தத் தேவாலயம் ஓக்லாந்துக்குத் தெற்கே, பெரிய வீதியை விட்டு உள்ளே, மாடு மேயும் காணிகளுக்கு நடுவில் இருந்தது. பெயர் வேண்டாம். சுவர், கூரை, வாங்கு எல்லாம் மரம். உள்சுவர் கவுரி என்கிற இந்த நாட்டுப் பெருமரத்தின் பலகை, இரண்டு அங்குலத் தடிப்பு. இப்போது காசு கொடுத்தாலும் அப்படிப் பலகை கிடையாது. ரெவரண்ட் சூசன் அங்கே குருவானவராக வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஈப்போவில் பிறந்த மலேசியத் தமிழ்ப் பெண், என்னிலும் பதினைந்து வயது குறைவு. “சூசன்னு கூப்பிடுங்க அண்ணே” என்று நூறு தரம் சொல்லியிருப்பார். குருவானவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட என் வாய் வரவில்லை. ரெவரண்ட் அம்மா என்று ஒரு கூட்டுப் பெயர் வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தேன்.

2. ஏன் அடைத்தேன்

எனக்குக் கொடுத்த வேலை உள்சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது. “ஒரு விசேஷ ஆராதனை வருது, சுவர் நல்லா இருக்கணும்” என்று மட்டும்தான் சொன்னார்கள். அந்த ஊரில் எல்லோருக்கும் ஓட்டைகளைப் பற்றித் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

இரண்டு பக்கச் சுவரிலும், வாங்கில் உட்கார்ந்தால் காதுக்கு நேரே வருகிற உயரத்தில், வரிசையாகப் பதினொரு ஓட்டைகள். ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம், நாலு விரல் அகலம். உள்பக்கம் அகன்று, வெளிப்பக்கம் ஒடுங்கிப் போகும். வெளியே பலகை அடித்து மூடியிருந்தது. பழைய காலத்துக் காற்றுத் துவாரம் என்று நினைத்துவிட்டேன். இருபது வருஷம் சண்டைக்குள் இருந்து வந்தவன், துப்பாக்கி ஓட்டை எது என்று எனக்குத் தெரியவில்லை. நாங்கள் கண்டதெல்லாம் துப்பாக்கிச் சன்னம் துளைத்த ஓட்டை. சன்னம் வெளியே போவதற்கு என்று அளவெடுத்து வெட்டின ஓட்டையை நான் கண்டதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கட ஊரில் ஷெல்லடி ஓய்ந்து வீட்டுக்குத் திரும்பினால் முதல் வேலை ஓட்டை அடைக்கிறதுதான். சோறு பிறகு. சீமெந்து குழைத்து அடைத்து, வெள்ளை அடித்து, பழையபடி ஆக்கினால்தான் மனம் ஆறும். ஓட்டையோடு சுவர் நின்றால் அந்த வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். தேவாலயம் என்றால் கேட்கவே வேண்டாம். பண்டிகைக்கு முன் ஓட்டைச் சுவரை விட்டுவைப்பது எங்களுக்கு வெட்கக்கேடு. அந்தப் பழக்கம் கையிலேயே ஊறிவிட்டது. யாரும் அடைக்கச் சொல்லவில்லை, நானாகத்தான் அடைத்தேன், அதுவும் இலவசமாக.

சும்மா ஃபில்லர் அப்பினேன் என்று நினைக்காதீர்கள். பழைய கவுரித் துண்டு தேடி எடுத்து, ஒவ்வொரு ஓட்டைக்கும் தனித்தனியாகப் பீஸ் சீவி, ரேகை பார்த்துப் பொருத்தி, எபோக்சி வைத்து ஒட்டி, சாண்ட் பேப்பர் போட்டு, அண்டர்கோட் ஒன்று, மேலே இரண்டு கோட். ஒரு கிழமை வேலை. என் வாழ்க்கையில் செய்த வடிவான வேலைகளில் ஒன்று.

3. கூட்டம்

அன்று பின்னேரமே கிரகாம் வந்தார். அவர்தான் சபையின் வார்டன், கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவர், எனக்கு வேலை தருகிற ஆள். ஓய்வு பெற்ற சர்வேயர், எழுபத்தைந்து வயது, குறைவாகக் கதைக்கிறவர். அந்தத் தேவாலயத்தைக் கட்டின குடியேறிகளில் அவருடைய குடும்பமும் ஒன்று. அவர் ஆங்கிலத்தில் சொன்னவற்றை என் தமிழில் எழுதுகிறேன்.

ரெவரண்ட் சூசன் எனக்கு முழுக் கதையையும் சொன்னது அப்போதுதான். நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகிறது. ஓக்லாந்துக்குத் தெற்கே இருந்த மாவோரிகள், இந்த நாட்டின் பூர்வகுடிகள், தங்கள் நிலத்தையும் தங்கள் அரசரையும் தங்களிடமே வைத்திருக்க வேண்டும் என்று நின்றார்கள். ஆங்கிலேயர் அதைக் கலகம் என்று எழுதிவிட்டுப் பட்டாளத்தை அனுப்பினார்கள். “ராணிக்கு விசுவாசம்னு சத்தியம் பண்ணு, இல்லாட்டி ஆத்தத் தாண்டிப் போ” என்பதுதான் இங்கே இருந்த மாவோரிகளுக்கு வந்த கட்டளை.

“நம்ம சபை அப்ப என்னா பண்ணிச்சு தெரியுமா அண்ணே? சில பாதிரிமாரு மாவோரிங்களுக்காகப் பேசினாங்க. சில பேரு பட்டாளத்தோட கூடவே போனாங்க. வேதம் சொல்லிக் குடுத்த அதே ஆளுங்க. அத அவங்க மறக்கல. எப்படி மறப்பாங்க?”

இந்தத் தேவாலயத்தில் அப்போது ஒரு மாவோரி உபதேசியார் இருந்தாராம். சுவர்ப் பலகையைத் தூக்கி நிறுத்தினதில் அவருடைய கையும் உண்டு. கட்டளை வந்ததும் அவரும் அவருடைய சனமும் ஆற்றைக் கடந்து போனார்கள். பிறகு தேவாலயம் குடியேறிகளின் காவல் அரணாகிவிட்டது. அன்றிலிருந்து அந்த உபதேசியாரின் குடும்பத்தில் ஒருவரும் இந்த வாசலை மிதிக்கவில்லை. ரெவரண்ட் சூசன் ஆறு வருஷம் அவர்களோடு கதைத்து, துக்க வீடுகளுக்குப் போய், தேநீர் குடித்து, மெல்ல மெல்ல ஒரு நாளுக்குச் சம்மதம் வாங்கியிருந்தார். அந்த நாள் வருகிற ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: ஒன்றையும் மறைக்காமல், உள்ளதை உள்ளபடி காட்ட வேண்டும்.

அந்த ஒன்றைத்தான் நான் அடைத்து வைத்திருந்தேன்.

“ஆராதனையைத் தள்ளிவைப்பம்” என்றார் கிரகாம். “சுவரில் திருத்த வேலை எண்டு சொன்னால் போதும்.”

“தள்ளிவச்சா திரும்ப வர மாட்டாங்க. இன்னொரு ஆறு வருஷம் எங்கிட்ட இல்ல” என்றார் ரெவரண்ட் சூசன். பிறகு என் பக்கம் திரும்பினார். “அண்ணே, தப்பு என்னோடது. நான்தான் உங்ககிட்டச் சொல்லியிருக்கணும். திறக்க முடியுமா?”

முடியும், ஆனால் அவசரப்பட்டால் பழைய விளிம்பு பிய்ந்துவிடும் என்றேன். எபோக்சி மரத்தைவிடப் பலமானது. ஒரு ஓட்டைக்கு ஒரு முழு நாள் வேண்டும். நாளைக்கு மரத்தின் ஈரம் பார்த்து, உளி தீட்டி ஆயத்தப்படுத்தினால், சனிக்கிழமைக்குள் நாலு திறக்கலாம்.

“நாலைத் திறந்துவிட்டு, நாலுதான் இருந்தது எண்டு விடுவம்” என்றார் கிரகாம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிழை விட்டவன் நான், கோபப்பட எனக்கு உரிமையில்லைத்தான், என்றாலும் வந்தது. “பொய்யை நான் செதுக்க மாட்டன். அவையளிட்ட நானே போய்ச் சொல்லுறன்” என்றேன். சொன்ன பிறகுதான் என் ஆங்கிலம் ஞாபகத்துக்கு வந்தது.

4. மனுகாவ்

குடும்பத்தின் சார்பில் கதைப்பவர் ஹினே. எல்லோரும் ஆன்டி ஹினே என்பார்கள், என் வயதுதான் இருக்கும். தெற்கு ஓக்லாந்தில், மனுகாவ் என்ற இடத்தில் ஒரு ஆபீசில் வேலை. செவ்வாய்க்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே ஷொப்பிங் மோலில் சந்திக்கலாம் என்றார். ரெவரண்ட் சூசன் கூட வர வெளிக்கிட்டார். வேண்டாம், நீங்கள் பக்கத்தில் இருந்தால் நான் உங்களுக்குப் பின்னால் ஒளிந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன்.

பொரித்த கோழி மணக்கிற இடத்தில், பிளாஸ்டிக் மேசையில், அடைத்துவிட்டேன் என்று சொன்னேன். ஃபோனை நீட்டினேன். வேலைக்கு முந்தி எடுத்த படம், பிந்தி எடுத்த படம். முந்தைய நாள்வரை எல்லோருக்கும் பெருமையாகக் காட்டிக்கொண்டு திரிந்த படங்கள்.

ஆன்டி ஹினே படங்களை நெடுநேரம் பார்த்தார். சாப்பாட்டைத் தள்ளி வைத்தார்.

“எங்களை ஒரு வார்த்தை கேட்காமல்” என்றார். “திரும்பவும்.”

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஏன் செய்தாய் என்று கேட்டார். எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். சொல்லத் தொடங்கினதும் நிறுத்த முடியவில்லை, மனைவிக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். எங்கள் ஊர்ச் சேர்ச்சுக்குள் சனம் ஒதுங்கியிருந்த நேரம் ஷெல் விழுந்தது. என் தம்பி செத்தான். மூன்றாம் நாள் நான்தான் சீமெந்து குழைத்தேன். அம்மா கண்ணில் படக்கூடாது என்று சுவரை மட்டம் தட்டி, வெள்ளை அடித்து முடித்தேன். ஒரு மாதம் கழித்து அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, “எந்த இடமடா?” என்று கேட்டா. நான் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தேன். என்னால் காட்ட முடியவில்லை. அவ்வளவு வடிவாக அடைத்திருந்தேன்.

ஆன்டி ஹினே ஒரு பேப்பர் நாப்கினை என் பக்கம் தள்ளினார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

“அது நீ உன் அம்மாவுக்குச் செய்தது. இது நீ எங்களுக்குச் செய்தது. ரெண்டும் ஒண்டில்லை.”

“ஓம்” என்றேன். அவருக்குத் தமிழ் தெரியாது, என்றாலும் விளங்கியது.

பிறகு அவர்கள் வீட்டுக் கதையைச் சொன்னார். உபதேசியார் கிழவன் அந்தக் கடைசி மாதங்களில் வார நாட்களில் தேவாலயத்துக்குள் உளிச் சத்தம் கேட்டாராம். என்ன சத்தம் என்று விசாரித்ததற்கு, காற்றுப் புகாமல் அடைக்கிற வேலை என்றார்களாம். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தால் சுவரில் ஒன்றும் இல்லை. அந்தப் பக்க வாங்கில் வெள்ளைக்காரர், இந்தப் பக்கம் மாவோரிகள், ஒரே பாட்டு. கடைசி ஞாயிறு பாதிரியார் ராணியின் வெற்றிக்காக ஜெபித்தபோது கிழவன் ஆமேன் சொல்லவில்லை. அந்தக் கிழமையே ஆற்றைக் கடந்தார்கள். தாங்கள் உள்ளே இருந்து ஜெபித்துக்கொண்டிருந்த நேரத்திலேயே அந்தச் சுவர் தங்களைச் சுடத் தயாராகிக்கொண்டிருந்தது என்று கிழவன் சாகும்வரை சொன்னாராம்.

“சபை அதை ஒருநாளும் ஏற்கவில்லை. வாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் எழுதித் தொங்கவிட்டிருக்கினம். எதிரி வருகிறான் எண்டு கேள்விப்பட்டு, மாவோரிகள் போன பிறகு, ஒரே இரவில் வெட்டின ஓட்டைகளாம். எங்கட கிழவன் பொய்யனாம்.”

அந்தச் சட்டத்தைத் தினமும் கடந்துபோயும் நான் ஒருநாளும் வாசித்ததில்லை. எனக்கு அந்தக் கதை புதிதாக இருந்தாலும் அந்தச் சொல்லாத ஆமேன் புதிதில்லை. எங்கள் சேர்ச்சிலும் ஜனாதிபதிக்காக ஜெபிக்கிற இடம் வரும். சண்டைக் காலத்தில் அந்த இடத்தில் பின்வாங்கில் பலருக்கு ஒரே நேரத்தில் இருமல் வரும்.

“நாலுதான் திறக்கலாம் எண்டால் எங்கட ஆட்கள் இருந்த வடக்குச் சுவரில் தொடங்கு” என்றார் எழும்பும்போது. “வருவமோ இல்லையோ எண்டு சனிக்கிழமை சொல்லுறன்.”

5. திறந்தேன்

எபோக்சி வைத்து ஒட்டின பீஸை எடுக்கிற முறை இதுதான், பிள்ளைகள் கவனியுங்கள். விளிம்பில் கை வைக்கக் கூடாது. பீஸின் நடுவில் ட்ரில்லால் வரிசையாகத் துளை போட்டு, ஒடுங்கின உளியால் நடுவைப் பிளந்து, உள்நோக்கி விழுத்த வேண்டும். கடைசியில் பழைய மரத்தோடு ஒட்டி ஒரு மெல்லிய தோல் மிஞ்சும். ஹீட் கன் பிடித்தால் இளகும், ஆனால் காய்ந்த கவுரிக்குக் கிட்ட ஹீட் கன் பிடிப்பவனுக்கு மூளை இல்லை. சவர பிளேடால் நூல் நூலாகச் சுரண்டினேன். கழுத்து செத்துப்போயிற்று.

புதன்கிழமை பின்னேரம் முதலாவது ஓட்டை திறந்தது. தோல் உரியும்போது நூறு வருஷத்துப் பெயிண்டும் பழைய பட்டியும் சேர்ந்து கட்டியாக விழுந்தன. அதற்கடியில் நான் முதலில் காணாத ஒன்று இருந்தது. ஓட்டையைச் சுற்றி, அரை அங்குல ஆழத்தில் ஒரு படி வெட்டியிருந்தது. எங்கள் தொழிலில் ரிபேட் என்போம். ஜன்னல் கதவு போய் உட்காருவதற்கு வெட்டுகிற படி. ஒரு பக்கத்தில் இரண்டு சின்ன ஆணித் துளை, சுற்றிலும் பச்சைக் கறை. பித்தளைப் பிணைச்சல், அதாவது கீல், இருந்த இடம்.

நான் உளியைக் கீழே வைத்துவிட்டேன். இந்த ஓட்டைக்கு மூடி இருந்திருக்கிறது. அதுவும் சும்மா மூடி இல்லை. சுவர் மட்டத்துக்கு உள்ளே அமர்ந்து, மேலே சாயம் பூசினால் பலகையோடு பலகையாகிவிடுகிற மூடி.

ஆன்டி ஹினே சொன்ன கதை தலைக்குள் இருந்ததால் எனக்கு அப்படித் தெரிகிறதோ என்று சந்தேகம். வாயை மூடிக்கொண்டு வியாழக்கிழமை இரண்டாவதைத் திறந்தேன். அதே படி, அதே ஆழம், அதே இடத்தில் பச்சைக் கறை. அதன் பிறகுதான் ரெவரண்ட் சூசனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் விரலை அந்தப் படியில் வைத்தபடி, “ஐயோ அண்ணே” என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை கிரகாம் வந்து குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார்.

“காற்றுக்கு மூடி போட்டிருப்பினம்” என்றார்.

“காற்றுக்கு எண்டால் ஒரு பலகைத் துண்டை மேலால அறைஞ்சால் போதும். இது ஒண்டுக்கு அரை நாள் வேலை. பதினொண்டு. ஆளை அவசரப்படுத்தாமல், நல்ல வெளிச்சத்தில, ஆறுதலாச் செய்த வேலை. ஆர் கண்ணிலயும் படக்கூடாது எண்டு செய்த வேலை.”

“எப்ப செய்தது எண்டு உனக்குத் தெரியுமோ?”

“தெரியாது.”

“அப்ப பேசாமல் இரு. நீ தச்சன். சரித்திரக்காரன் இல்லை.” முகம் சிவந்து போயிருந்தது. அத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் அப்படிக் கதைத்ததில்லை. “ஞாயிற்றுக்கிழமை நீ ஒண்டும் சொல்லத் தேவையில்லை.”

அவர் வேண்டாம் என்றால் எனக்கு அங்கே வேலை இல்லை. அவருக்குத் தெரிந்த மற்ற மூன்று சேர்ச்சுகளிலும் இல்லை. இதையெல்லாம் யோசித்துக்கொண்டுதான் மூன்றாவதையும் நாலாவதையும் திறந்தேன். சனிக்கிழமை பின்னேரம் ஆன்டி ஹினே ரெவரண்ட் சூசனுக்குப் போன் எடுத்தார். வருகிறோம், உள்ளே வருவதா இல்லையா என்று வாசலில் வைத்துத் தீர்மானிப்போம் என்றாராம்.

6. வாசல்

நாற்பது பேர் வரை வந்தார்கள். மாவோரி வழக்கப்படி, வருகிறவர்களை உள்ளே இருந்து ஒரு பெண் குரலெடுத்து அழைக்க வேண்டும். அழைக்காமல் வர மாட்டார்கள். ரெவரண்ட் சூசன் பக்கத்துச் சபையிலிருந்து ஒரு மாவோரி அம்மாவை அதற்குக் கூட்டிவந்திருந்தார். அந்த அம்மாவின் குரல் எழும்பியது. வெளியிலிருந்து ஆன்டி ஹினேயின் குரல் பதில் சொன்னது. மெல்ல நடந்து வந்தார்கள்.

வாசற்படியில் ஆன்டி ஹினே நின்றுவிட்டார். பின்னால் எல்லோரும் நின்றார்கள். அவருக்குப் பக்கத்தில்தான் அந்தக் கண்ணாடிச் சட்டம் தொங்கியது. அதை அவர் சத்தமாக வாசித்தார். வாசித்து முடித்து உள்ளே பார்த்தார்.

“ஓட்டைகளைத் திறந்த தச்சன் எங்கே?”

நான் பின்வாங்கில் இருந்து எழும்பினேன். முன்வாங்கில் கிரகாம் திரும்பிப் பார்க்காமல் இருந்தார். அவருடைய பின்கழுத்து மட்டும் தெரிந்தது.

“இதில் எழுதியிருப்பது சரியா?” என்று கேட்டார்.

என் ஆங்கிலம் உடைந்த ஆங்கிலம். நல்லதாய்ப் போயிற்று, சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

“ஒரே இரவில் எண்டு போட்டிருக்கு. ஒரே இரவில் இந்த வேலையை ஒருத்தராலும் செய்ய ஏலாது. ஒவ்வொரு ஓட்டைக்கும் மூடி இருந்தது. மூடினால் சுவரில் ஓட்டை இருக்கிறது எண்டு உள்ளே இருக்கிறவனுக்குத் தெரியாது. எப்ப வெட்டினது எண்டு நான் அறியேன். மறைச்சு வெட்டினது எண்டு அறிவேன். அதுக்குப் பிறகு பதினொண்டையும் நானும் ஒருமுறை மறைச்சனான். நாலைத் திறந்திருக்கிறன். ஏழு இன்னும் அடைச்சபடி இருக்கு. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

ஆன்டி ஹினே தலையை ஒருமுறை ஆட்டினார். படியைத் தாண்டி உள்ளே வந்தார். நேரே வடக்குச் சுவருக்குப் போய், முதலாவது ஓட்டைக்குள் விரல்களை விட்டு, அப்படியே நின்றார். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து கை வைத்தார்கள். சிலர் அழுதார்கள். நானும் அழுதேன், அதில் வெட்கம் இல்லை. ஆன்டி ஹினே அந்த ஓட்டைக்குப் பக்கத்து வாங்கிலேயே உட்கார்ந்தார். ஆராதனை தொடங்கியது.

7. மிச்சம் ஏழு

தேநீரின்போது கிரகாம் என்னோடு கதைக்கவில்லை. வேலை போய்விட்டது என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலை அவரிடமிருந்து ஒரு வரி மெசேஜ்: “மிச்சம் ஏழு. எத்தனை நாள் வேணும்?” ஏழு என்று பதில் போட்டேன்.

ஏழு நாளும் கிரகாம் வந்தார். ஃபிளாஸ்கில் தேநீர் கொண்டுவந்து, எனக்கும் ஊற்றித் தந்துவிட்டு, வாங்கில் உட்கார்ந்து நான் சுரண்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தை இல்லை. எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. பதினோராவது ஓட்டையின் படி வெளியே வந்ததும் எழும்பி வந்தார். விரலால் அந்தப் படியின் மூலையைத் தடவினார்.

“எங்கட வீட்டுச் சாப்பாட்டு அறையில் ஒரு சுவர் அலமாரி இருக்கு” என்றார். “என்ர அப்பாவின்ர தாத்தா செய்தது. அந்த ஆள் தச்சர். கதவைச் சாத்தினால் சுவர் எது, கதவு எது எண்டு தெரியாது. சின்ன வயசில் நாங்கள் விருந்தாளிகளுக்கு அதைக் காட்டி விளையாடுவம். மூலை இப்பிடித்தான் வெட்டியிருக்கும். பிணைச்சலும் இந்த இடத்தில்தான்.”

நான் குனிந்து அந்த மூலையைத் திரும்பவும் பார்த்தேன்.

“வெள்ளிக்கிழமை குனிஞ்சு பார்த்தபோதே எனக்குத் தெரியும், செல்வா.”

உளியில் இருந்த தூளைத் துடைத்துக்கொண்டே நின்றேன். அவர் போய் வாசலில் தொங்கின கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிக்கொண்டு வந்து வாங்கில் குப்புற வைத்தார்.

“ஹினேயிட்ட இதை நான் சொல்ல வேணுமோ?” எழுபத்தைந்து வயது மனுசன், என்னிடம் கேட்டார்.

“சர்வேயரே, மனுகாவில எந்த மேசை எண்டு எனக்குத் தெரியும். நாளைக்கு மத்தியானம் நான் கூட்டிக்கொண்டு போறன்” என்றேன்.

போனோம். நான் தூரத்து மேசையில் சோடா குடித்துக்கொண்டிருந்தேன். கிரகாம் அலமாரிக் கதவின் படங்களை ஃபோனில் எடுத்துவந்திருந்தார். ஆன்டி ஹினே ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு மணித்தியாலம் கழித்து எழும்பியபோது கிரகாம் என்னிடம் வந்து, “அந்த அலமாரியைப் பார்க்க வரப்போகினம். குடும்பத்தோட” என்றார். “என்ன சமைக்கலாம்?”

பிள்ளைகளே, இந்த நாட்டில் பழைய கட்டடத்துக்குள் வேலைக்குப் போனால் உங்களுக்குக் கண்டது கடியது எல்லாம் பழுதாகத்தான் தெரியும். திருத்தக் கை துறுதுறுக்கும். எனக்கும் இன்னும் அப்படித்தான். ஒரு ஓட்டையைக் கண்டால் பீஸ் வெட்ட முதல் இரண்டு பேரைத் தேடிப் போய்க் கேளுங்கோ: இதை வெட்டினவன்ர ஆட்கள் ஆர், இந்த ஓட்டைக்கு எதிரில இருந்தவன்ர ஆட்கள் ஆர். இரண்டு பேரும் பக்கத்தில்தான் இருப்பினம். ஒருத்தரோடு ஒருத்தர் கதைக்காமல் இருப்பினம், அவ்வளவுதான்.